கவுன்ட்டருக்குள் வந்த கஸ்டமர்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியில், கம்ப்யூட்டரும் லேப்டாப்பும் விற்கும் ஒரு கம்பெனியின் கிளைக் கடையில் நான் சேல்ஸ் வேலையில் இருந்தேன். கவரைப்பேட்டையில் வீடு. மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி, இறங்கி நடந்தால் கடை.

ஆடியில் துணிக்கடைக்குத்தான் கூட்டம் வரும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் கடைக்கு வந்து பார்க்க வேண்டும். ஆடித் தள்ளுபடியும் காலேஜ் அட்மிஷனும் சேர்ந்து வருகிற நேரம் அது. பிள்ளைக்கு சீட் கிடைத்த கையோடு அப்பா, அம்மா, மாமா, கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்ற பெயரில் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு ஷேர் ஆட்டோவே வந்து இறங்கும். லேப்டாப்பைத் திறந்து காட்ட வேண்டும், மூடிக் காட்ட வேண்டும், கனம் பார்க்கக் கையில் கொடுக்க வேண்டும். ஆன்லைனில் இதைவிடக் குறைச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் சிரிக்க வேண்டும். எல்லாம் முடிந்து, வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று கிளம்புவார்கள். அதற்கும் சிரிக்க வேண்டும். சிரிப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நிற்பதுதான் கஷ்டம்.

எங்கள் கடையில் சேல்ஸ் ஆட்கள் உட்காரக் கூடாது. ஷட்டர் ஏற்றியதிலிருந்து இறக்கும்வரை நிற்க வேண்டும். பில் போடுகிறவருக்கு ஒரு நாற்காலி உண்டு. கஸ்டமர்களுக்கு நல்ல குஷன் வைத்த நாற்காலிகள் வரிசையாக உண்டு. எங்களில் யாராவது ஆசைப்பட்டு அதில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் போதும், தலைக்கு மேலிருக்கும் கேமரா வழியாகச் சென்னையில் ஏரியா மேனேஜர் பார்த்துவிடுவார். உடனே எங்கள் மேனேஜருக்குப் போன் வரும். அவர் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்ப்பார். அவரும் பாவம், நின்றுகொண்டுதான் பார்ப்பார். ஆட்கள் நின்றால்தான் கடை சுறுசுறுப்பாகத் தெரியுமாம். மீட்டிங் நடக்கும்போதெல்லாம் ஒரு ஸ்டூலாவது போடுங்கள் என்று கேட்போம். மேலே சொல்கிறேன் என்பார். சொல்லவும் செய்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மேலே போன சேதி கீழே வந்ததில்லை, அவ்வளவுதான்.

அதனால் நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். கவுன்ட்டருக்குப் பின்னால் தரையோடு ஒட்டி ஒரு ஷெல்ஃப் இருக்கும். சார்ஜர், கேபிள் எல்லாம் அதில்தான் கிடக்கும். கால் தாங்காதவர்கள் அதன் முன்னால் குந்திக்கொண்டு எதையோ தேடுவதுபோல் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். கேமராவுக்கு முதுகு மட்டும்தான் தெரியும். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் உண்டு. குந்தியிருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து வந்து மறைத்துக்கொண்டு நின்று அவருடைய கஸ்டமரையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு லேப்டாப் மாடல்களைச் சொல்லித் தருவதற்கு முன்பே இதைச் சொல்லித் தந்துவிடுவோம். ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற உதவி என்று எனக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த ஆடியில் நான் ஐந்து மாதக் கர்ப்பம். கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து வந்தது. அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை யாரிடமும் அதிகம் சொல்லிக்கொள்ளவில்லை, சொன்னால் கண் பட்டுவிடும் என்று ஒரு பயம். கடையில் மேனேஜருக்கும் பக்கத்து கவுன்ட்டர் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். மேனேஜர் மனதாரச் சந்தோஷப்பட்டார். ஆடி முடியட்டும், உன்னை பில்லிங்குக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். பில்லிங் என்றால் நாற்காலி. அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மாமியாரும் அதைத்தான் கேட்டார். நான் ஏஜென்சி மூலமாகச் சேர்ந்தவள், விட்டால் விட்டதுதான். கணவருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலை. பிள்ளை வருகிற நேரத்தில் என் வேலையாவது கையில் இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி.

இப்போது மெஸ் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிப்காட் போகிற வழியில் மெஸ் நடத்துகிறவர். சில கம்பெனிகளுக்குச் சாப்பாடும் டீயும் அனுப்புகிறார். சொந்த ஊர் ஆரம்பாக்கம் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி. கட்டையான உருவம், அதைவிடக் கட்டையான குரல். காலேஜ் சேரும் மகளுக்காக எங்களிடம் லேப்டாப் வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அதன் சார்ஜர் சூடாகிச் செத்துவிட்டது. நாங்கள் வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொன்னோம். விற்பது மட்டும்தான் எங்கள் பொறுப்பு, சர்வீஸ் சென்டரில் போய்க் கேளுங்கள். அவர் மெஸ்ஸை ஒரு நாள் இன்னொருவரிடம் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். வாங்கிய கடையிலேயே கேளுங்கள் என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அவர் சாப்பாடு ஏற்றிப் போகும் குட்டி யானை லோடு வண்டி வாசலில் வந்து நின்றாலே நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குவோம். ஒருத்தருக்குத் திடீரென்று ஸ்டாக் ரூமில் வேலை வரும், இன்னொருத்தருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும். ஓட முடியாமல் மாட்டுகிறவள் பெரும்பாலும் நான்தான்.

"டப்பு வாங்குறப்ப மேடம் மேடம்னு வழிஞ்சீங்க. இப்ப ஒரு மூஞ்சியக் காணோம். இன்னா கடை நடத்துறீங்க?" என்று நடுக்கடையில் நின்று கேட்பார். லேப்டாப் பார்க்க வந்த குடும்பங்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும். அவர் கேட்பதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். நியாயமில்லாமல் கத்துகிறவரைச் சிரித்துச் சமாளித்துவிடலாம். நியாயத்தோடு கத்துகிறவரை என்ன செய்வது என்று எந்த டிரெயினிங்கிலும் சொல்லித் தரவில்லை.

எங்கள் மேனேஜர் எங்கெங்கோ பேசி, கடைசியில் ஒரு மாற்று சார்ஜரை வரவழைத்தார். அது வந்து சேர்ந்ததும், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே மெஸ் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஞாயிறு மதியச் சாப்பாட்டை இறக்கிவிட்டு அதே வண்டியில் வருகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைச்சல். அன்றைக்கு ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் காலையில் நாஷ்டா பண்ணாமலே ஓடினேன். கடையில் போய் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திறக்கும்போதே வாசலில் கூட்டம். மதியச் சாப்பாட்டுக்கு ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். ஸ்டாக் ரூமில் அட்டைப் பெட்டி மேல் டிபன் பாக்ஸை வைத்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடி வர வேண்டும். என் முறை வருவதற்குள் மூன்று குடும்பம் வந்துவிட்டது. தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் போனால் கவுன்ட்டர் காலியாகும். கடையில் வேலை செய்கிற பெண்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

மெஸ் அம்மா வந்து கவுன்ட்டரில் கையை ஊன்றினார்.

"வந்துட்சா? இல்ல, இன்னிக்கும் கதையா?"

"வந்துடுச்சு மேடம். இதோ எடுத்துத் தரேன்."

"மேடம் கிடம்லாம் வோணாம். சார்ஜரக் குடு மொதல்ல."

அடி ஷெல்ஃபின் முன்னால் குந்தினேன். நிஜமாகவே சார்ஜர் எடுக்கத்தான். காலையிலிருந்து அடிவயிற்றில் ஒரு பிடிப்பு இருந்துகொண்டே இருந்தது. குந்தியதும் காலுக்குக் கிடைத்த சுகத்தில், ஒரு நிமிடம் இப்படியே இருந்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று தோன்றியது. பிடிப்பு சட்டென்று இறுகியது. கடைச் சத்தம் எல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. ஷெல்ஃப் கம்பியைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகம் இல்லை.

அடுத்து நடந்தது பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து கவுன்ட்டர் அண்ணன் நான் குந்தியதைப் பார்த்திருக்கிறார். வழக்கப்படி நகர்ந்து வந்து மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தபோது என் தலை ஷெல்ஃபில் சாய்ந்திருந்திருக்கிறது. பாவம், வயிற்றுப் பிள்ளைக்காரி, அசந்துவிட்டாள், கொஞ்சம் கண் மூடட்டும் என்று நினைத்து, கேமராவுக்குத் தெரியாமல் ஒரு காலி லேப்டாப் பெட்டியையும் இழுத்து எனக்குப் பக்கத்தில் மறைவாக வைத்திருக்கிறார். அவர் தங்கமான மனிதர். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

"எங்கப்பா அந்தப் பொண்ணு?" என்று கேட்டிருக்கிறார் மெஸ் அம்மா.

"உங்க சார்ஜர்தான் எடுத்துக்கினு இருக்காங்க மேடம். ஒரு நிமிஷம் உக்காருங்க."

உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி வந்து நின்றார்.

"சார்ஜரு எடுக்கப் போச்சா, சார்ஜரு செய்யப் போச்சா நைனா?"

"வந்துடுவாங்க மேடம். கூட்டத்தப் பாக்குறீங்கல்ல."

"கூட்டம் இந்தாண்ட கீது. அந்தப் பொண்ணு அந்தாண்ட கீது. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

வேறு கஸ்டமராக இருந்தால் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்திருப்பார். மெஸ் அம்மாவுக்கு இரவுச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்க நேரமாகிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரின் ஓரத்தில், நாங்கள் போகவர ஒரு மடக்குப் பலகை உண்டு. அதைத் தூக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

"மேடம், கஸ்டமர் உள்ள வரக் கூடாது. கேமரா இருக்குது" என்று அண்ணன் கையை விரித்துத் தடுத்திருக்கிறார்.

"இருக்கட்டும். அதுக்கும் ஒரு வணக்கம் சொல்லிடு" என்று அவரை முழங்கையால் தள்ளிவிட்டு, பெட்டியைக் காலால் நகர்த்தியிருக்கிறார். என்னைத் திட்டுவதற்காகத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாராம்.

எனக்கு நினைவு வந்தபோது என் தலை யாருடைய மடியிலோ இருந்தது. புடவையில் தாளிப்பு வாசனை. முகமெல்லாம் தண்ணீர். "நவுருங்கப்பா, காத்து வரட்டும்" என்று மேலே அந்தக் கட்டைக் குரல் அதட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்ததும் குனிந்து, அதே குரலா என்று நம்ப முடியாத அளவுக்கு மெதுவாகக் கேட்டார்.

"எத்தினி மாசம்?"

மயக்கத்திலும் என் இரண்டு கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்ததாம். ஐந்து என்றேன். அப்போதுதான் துணி நனைந்திருப்பது எனக்கு உறைத்தது. முகத்தில் தெளித்த தண்ணீர் வழிந்திருக்கிறது என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. ரொம்பவும் பயந்தால் அழுகை வராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அம்மா, போன தடவையும் இப்படித்தாம்மா ஆச்சு" என்று மட்டும் சொன்னேன். மேடம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"போன தடவ நான் இல்ல. இப்ப கீறேன். எழுந்திரு. வோணாம், எழுந்திருக்காத, அப்படியே இரு" என்றார். மேனேஜர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போனார். "அது வர்றப்ப வரட்டும். என் வண்டி வாசல்லயே நிக்குது" என்று சொல்லிவிட்டு, கஸ்டமர் நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதில் என்னை உட்கார வைத்து, அண்ணனும் மேனேஜரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, லேப்டாப் பார்க்க வந்த அத்தனை குடும்பத்துக்கும் நடுவே தூக்கிக்கொண்டு போனார்கள். இத்தனை வருட வேலையில் அந்தக் குஷன் நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

வண்டியின் முன் சீட்டில் என்னைத் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பின்னால் காலி சாம்பார் அண்டாக்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மெதுவாக ஓட்டு என்றும் சீக்கிரம் போ என்றும் ஒரே மூச்சில் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். என் செல்போன் கடை லாக்கரில் இருந்தது. வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் அங்கேதான் இருக்க வேண்டும். கணவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் இருந்தது, அவர் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன். "அந்த கேட்டுக்கு டீ நம்மளுதுதான்" என்று நேராக செக்யூரிட்டிக்கே போன் போட்டு, அவரை அனுப்பி வைக்கச் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நேராக ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோனார்கள். கூட யாரும் வரக் கூடாது என்றார் நர்ஸ். "நான் இவளுக்குப் பெரியம்மா" என்று கூசாமல் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினார். ஒன்றும் பேசவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பவும் இல்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன முறை அந்த டாக்டரும் இப்படித்தான் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு என் கணவரை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

டாக்டர் எதையோ அழுத்தினார். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"ஓடுது பாரு. நல்லா ஓடுது பாரு" என்றார் மெஸ் அம்மா. அதுவரைக்கும் வராத அழுகை அப்போது வந்தது. ஸ்கேன் எடுக்க முடியவில்லை, ஆடாமல் இருங்கள் என்று டாக்டர் சொன்னார், என்னால் முடியவில்லை. நெஞ்சில் இருந்த பாறையை யாரோ தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. மெஸ் அம்மா முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நொடியே, "காலையில இன்னா துன்னே?" என்று ஆரம்பித்துவிட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை என்றதும் ஸ்கேன் மேஜையில் படுத்திருக்கிறவள் என்றுகூடப் பார்க்காமல் நல்ல திட்டு.

வெறும் வயிறு, தண்ணீர் இல்லை, காலையிலிருந்து ஒரே நிலையில் நின்றது, அதில் பிரஷர் இறங்கியிருக்கிறது, கொஞ்சம் உதிரப்போக்கும் ஆகியிருக்கிறது என்றார் டாக்டர். படுக்கையிலேயே இருக்க வேண்டும், நின்று செய்கிற வேலை இனிமேல் கூடாது என்றார். அப்படியே கிடந்து இன்னும் தாமதமாகியிருந்தால் பிள்ளை தங்கியிருக்குமா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மெஸ் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கணவர் வரும்வரை போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"ஒரு சார்ஜர் எடுக்க ஏன் அவ்ளோ நேரம் அங்க குந்திக்கினு இருந்தே? முடியலன்னா ஒரு சேர்ல உக்கார வேண்டிதானே?"

உண்மையைச் சொன்னேன். உட்காரக் கூடாது என்பது, கேமரா, அடி ஷெல்ஃப், மறைத்துக்கொண்டு நிற்பது எல்லாவற்றையும் சொன்னேன். மெஸ் அம்மா நாற்காலியை எனக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் நாள் பூரா அடுப்பாண்ட நிக்கிறவ. காலு விட்டுப்போச்சுன்னா வெங்காயத்த எடுத்து வெச்சிக்கினு உக்காந்து உரிப்பேன். எங்கிட்ட பாத்திரம் கழுவுற பொண்ணுங்களுக்கே பலகை போட்டிருக்கேன். அவ்ளோ பெரிய கடையில ஒரு ஸ்டூலு இல்லியா?"

கைப்பையைத் துழாவி லேப்டாப் வாங்கிய பில்லை எடுத்தார். அதில் அச்சடித்திருக்கும் கஸ்டமர் கேர் நம்பருக்குப் போன் போட்டார். எங்கள் கடையில் கஸ்டமர் கம்ப்ளைன்ட் என்றால் விசாரணை எல்லாம் கிடையாது, ஏஜென்சி ஆள் என்றால் மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவார்கள். பிள்ளை பிழைத்தது, இப்போது வேலை போகப் போகிறது என்று நினைத்தேன்.

"வேணாம்மா. என் வேலை போயிடும்மா."

"உன் பேரே வராது. பேஜாரு பண்ணாம படு."

உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவரை அந்த பில்லாலேயே எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பெண் பேசினாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"கும்மிடிப்பூண்டி கடையில லேப்டாப்பு வாங்கினேன். ஒரு கம்ப்ளைண்டு."

"லேப்டாப்பில் என்ன பிரச்சனை மேடம்?"

"லேப்டாப்பு நல்லாதான் கீது. என் கழுத்துதான் நல்லா இல்ல."

"கழுத்தா மேடம்?"

"நான் கட்டையான ஆளும்மா. உங்க கடையில என்னை உக்கார வெச்சிட்டு உங்க ஆளுங்க நின்னுக்கினே பேசுறாங்க. அண்ணாந்து அண்ணாந்து பாத்து கழுத்து புடிச்சிக்கிச்சு. கஸ்டமரு மூஞ்சிக்கு நேரா உக்காந்து பேசுறதுதானே மரியாத? தலைக்கு மேல நின்னு பேசினா இன்னா அர்த்தம்?"

"ஸ்டாஃப் யாராவது மரியாதை இல்லாம நடந்துக்கிட்டாங்களா மேடம்? பேர் தெரியுமா?"

ஊசி குத்தாத கையால் மெஸ் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"ஸ்டாஃபெல்லாம் நல்ல புள்ளைங்க. அதுங்க உக்காந்து பேச உங்க கடையில ஸ்டூலு இல்லியே, அதான் கம்ப்ளைண்டு. மெஸ்ஸுக்கு ரெண்டு கம்ப்யூட்டரு வாங்கணும். ஸ்டூலு போட்டா உங்ககிட்ட வாங்குறேன். இல்லன்னா பொன்னேரியில வாங்கிக்கிறேன். இதையும் எழுதிக்க."

சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் புகாரைப் பதிவு செய்துவிட்டோம் என்றாள் அந்தப் பெண். மெஸ் அம்மா போனை வைத்தார். "ஒரு பொய் சொன்னேனா? நெஜமாவே வலிக்குது" என்று பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசி குத்தியிருந்த கை வலிக்க வலிக்கச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் என் கணவர் வாசலில் வந்து நின்றார். எதை எதையோ நினைத்துக்கொண்டு சிப்காட்டிலிருந்து ஓடி வந்த மனுஷன், நான் சிரிப்பதைப் பார்த்ததும் அங்கேயே கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் வேலையைப் பற்றிய கவலை போகவில்லை. ஒருநாள் மேனேஜரே போன் செய்தார். என் லீவுக்கு ஏஜென்சியில் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டாராம். அன்றைக்கு விட்டுப்போன சார்ஜரையும் அவரே மெஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். இன்னொன்றும் சொன்னார். கடைக்கு ஸ்டூல்கள் வந்திறங்கியிருக்கின்றன. கூடவே மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு. கஸ்டமரின் வசதியை முன்னிட்டு, ஊழியர்கள் கஸ்டமரின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து பேச வேண்டும். இப்போதெல்லாம் யாராவது நின்றுகொண்டு பேசினால்தான் ஏரியா மேனேஜரிடமிருந்து போன் வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். டாக்டர் சம்மதித்த பிறகு திரும்பப் போனேன். பிரசவம் வரைக்கும், பில்லிங்குக்கு மாறாமலே, உட்கார்ந்து லேப்டாப் விற்றேன். மெஸ் அம்மா சொன்னபடி கம்ப்யூட்டர் வாங்க வந்தார், எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசினார், விலையில் விட்டுக்கொடுக்கவே இல்லை.

நான் திரும்பிப் போன அன்று பக்கத்து கவுன்ட்டர் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார். "நல்லதுன்னு நெனச்சு மறைச்சிட்டேம்மா" என்றார். "நானா இருந்தாலும் மறைச்சிருப்பேன்ணே, விடுங்க" என்றேன். இப்போது கடையில் யார் குனிந்தாலும், நல்லாத்தானே இருக்கே என்று மற்றவர்கள் ஒரு குரல் கொடுத்துவிடுகிறார்கள்.

எத்தனையோ மீட்டிங்கில் எங்கள் கால் வலிக்கிறது என்று சொன்னபோது வராத ஸ்டூல், ஒரு கஸ்டமருக்குக் கழுத்து வலிக்கிறது என்றதும் வந்துவிட்டதே என்று எனக்குக் கோபம் இல்லாமலில்லை. ஆனால் சாயங்காலம் கால் வீங்காமல் ரயில் ஏறும்போது அந்தக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருக்கிறது.

இன்றைக்கு எவ்வளவோ நல்ல கஸ்டமர்கள் வருகிறார்கள். எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்காமல் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றியும் சொல்கிறேன். ஆனால் வீட்டில் என் மகள், கேட்டது உடனே கிடைக்கவில்லை என்று காலை உதைத்து அழுகிறபோது எனக்கு மட்டும் கோபமே வருவதில்லை. அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பொறுமை இருந்திருந்தால் இவள் இல்லை என்று நினைத்து, அவளை வாரி எடுத்துக்கொள்கிறேன்.